நாற்பதாம் நாளுக்குப் பிறகு

பாகூர் கொம்யூன் கிராமங்களில் வேலை பார்க்கும் சிஸ்டர்களுக்கும் ஆஷா அக்காமாருக்கும் சோரியாங்குப்பத்துத் திருநங்கை ஒருத்தி வணக்கத்துடன் எழுதுவது.

பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கிறதா, தையல் ஆறிவிட்டதா என்று வீட்டுக்கே வந்து கேட்கிறவர்கள் நீங்கள். யாருக்குச் சர்க்கரை, யார் டிபி மாத்திரையைப் பாதியில் நிறுத்தினார், எந்த வீட்டுத் தாத்தாவுக்குக் காலில் ஆறாத புண் என்பதெல்லாம் உங்கள் நோட்டில் இருக்கிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலை அடுத்து சாத்தனூர் அணைத் தண்ணீர் பெண்ணையாற்றில் கரைபுரண்டு வந்து நம் ஊர்ப்பக்கத்தைச் சூழ்ந்தபோது அந்த நோட்டின் அருமை எல்லோருக்கும் தெரிந்தது. அதில் இதுவரை பெயர் ஏறாத சிலருக்காக இதை எழுதுகிறேன். பாலின உறுதிப்பாட்டு ஆபரேஷன் முடித்து ஊர் திரும்பும் திருநங்கைகளும் திருநம்பிகளும்தான் அவர்கள்.

எங்கள் எண்ணிக்கை சிறியது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆண், பெண் அல்லாத மூன்றாவது கட்டத்தில் புதுச்சேரி யூனியன் பிரதேசம் முழுவதற்கும் பதிவானவர்கள் 252 பேர். சொல்லத் தயங்கியவர்களையும் வீட்டார் மறைத்தவர்களையும் சேர்த்தால் கூடும். அப்படியும் ஒரு துணை சுகாதார நிலையத்தின் எல்லைக்குள் இரண்டு பேரோ மூன்று பேரோ இருந்தால் அதிகம். அதனால் தனி ஆஸ்பத்திரி கேட்டு உங்களிடம் வரவில்லை. நீங்கள் தினமும் நடக்கிற நடையில் எங்கள் வாசலும் சேர வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

முதலில், எங்களைப் பார்க்கும்போது உங்களில் பலர் மனதில் ஓடும் கேள்விக்கு வருகிறேன். இவ்வளவு பெரிய காரியத்தைச் செய்துகொண்டார்களே, பிறகு வருத்தப்பட மாட்டார்களா? நியாயமான கேள்வி. மருத்துவ உலகமும் இதைக் கேட்டிருக்கிறது. 2021இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, 27 ஆய்வுகளில் இடம்பெற்ற 7,928 பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. பாலின உறுதிப்பாட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டதற்காக வருந்தியவர்கள் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில்தான் இருந்தார்கள். நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் மருத்துவமனை 1972 முதல் 2015 வரை தன்னிடம் வந்த 6,793 பேரின் பதிவேடுகளை ஆராய்ந்தது. விரைகளையோ சினைப்பைகளையோ அகற்றிக்கொண்டவர்களில் பின்னால் வருந்தியவர்கள், திருநங்கைகளில் 0.6 சதவீதம், திருநம்பிகளில் 0.3 சதவீதம்.

இந்த எண்களில் ஓட்டைகளும் இருக்கின்றன. ஆம்ஸ்டர்டாமில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள் பின்னர் மருத்துவமனையின் தொடர்பிலேயே இல்லை. நிம்மதியாக இருப்பதால் வரவில்லையா, வெறுத்துப்போய் வரவில்லையா என்பதைப் பதிவேடு சொல்லாது. தொகுப்பாய்வில் சேர்ந்த ஆய்வுகளும் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் நடந்தவை. ஆனாலும் வருந்துகிறவர்கள் மிகக் குறைவு என்பதில் ஆய்வுக்கு ஆய்வு பெரிய முரண்பாடு இல்லை. எங்கள் ஜமாத்தில், அதாவது குருவின் கீழ் வாழும் திருநங்கைக் குடும்பத்தில், நான் பார்த்ததும் அதுவே. வலியைச் சொல்லி அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். கடனைச் சொல்லி அழுதவர்களையும் பார்த்திருக்கிறேன். பழைய உடம்பு திரும்ப வேண்டும் என்று அழுதவரை நான் பார்த்ததில்லை.

எனக்கு முக்கியமாகப் பட்டது, அந்த டச்சு மருத்துவர்கள் வருந்தியவர்களின் காரணங்களையும் பார்த்து வகைபிரித்ததுதான். உடலை மாற்றியதே தவறு என்று உணர்ந்தவர்கள் உண்டு. தான் ஆணுமில்லை, பெண்ணுமில்லை என்று பின்னால் தெளிந்தவர்கள் உண்டு. இன்னொரு வகையினர், உறவும் ஊரும் ஒதுக்கியதைத் தாங்க முடியாமல் வருந்தியவர்கள். இவர்களுடைய வருத்தத்துக்கு ஆபரேஷன் தியேட்டரில் மருந்து கிடையாது. அது தெருவில் உண்டாவது. நீங்கள் தினமும் நடக்கிற தெரு அது.

வாட்ஸ்அப்பில் அவ்வப்போது சுற்றும் ஒரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கும் வந்திருக்கும். ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் அதிகம் பேர் தற்கொலை செய்துகொள்கிறார்கள் என்று சுவீடன் ஆய்வு சொல்கிறதாம். அப்படி ஓர் ஆய்வு இருப்பது உண்மை. 1973 முதல் 2003 வரை ஆபரேஷன் செய்துகொண்ட 324 பேரைப் பற்றியது அது, 2011இல் வெளிவந்தது. பொதுமக்களோடு ஒப்பிட்டால் இவர்களிடையே தற்கொலையும் மற்ற மரணங்களும் அதிகம் என்றுதான் அது கண்டது. ஆபரேஷன் வேண்டியிருந்தும் கிடைக்காதவர்களோடு அது ஒப்பிடவே இல்லை. ஆகவே ஆபரேஷனால் நன்மையா தீமையா என்பதை இந்த ஆய்வை வைத்து முடிவுகட்டக் கூடாது என்று எழுதியவர்களே அதில் சொல்லியிருக்கிறார்கள். அந்த வரி மட்டும் வாட்ஸ்அப்பில் வருவதில்லை.

ஆபரேஷன் ஆனால் மனக்கஷ்டமெல்லாம் தானாகத் தீர்ந்துவிடும் என்று சொல்கிறவர்களையும் நம்ப வேண்டாம். ஆபரேஷனுக்குப் பின் மனநல சிகிச்சையின் தேவை குறைகிறது என்ற முடிவோடு அதே சுவீடனிலிருந்து 2019இல் வந்த ஆய்வுக்கு, அதன் ஆசிரியர்களே 2020இல் திருத்தம் வெளியிட்டு, தங்கள் முடிவு மிகையானது என்று ஒப்புக்கொண்டார்கள். அமெரிக்காவில் 2015இல் 27,715 திருநர்களிடம் நடந்த கணக்கெடுப்பை வைத்துப் பின்னர் செய்த ஆய்வில், ஆபரேஷன் செய்துகொண்டவர்களிடம் கடும் மன உளைச்சல், விரும்பியும் செய்துகொள்ள முடியாதவர்களைவிடக் குறைவாக இருந்தது. குறைவாக இருந்தது, அவ்வளவுதான், இல்லாமல் போகவில்லை. மீதி உளைச்சல் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் நாம் சேர்ந்து பார்க்க வேண்டும்.

எங்கள் ஜமாத்தின் பழைய முறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உங்களுக்கு இது புதிதாக இருக்கலாம்.

ஆஸ்பத்திரியில் செய்வதற்கு முன்பெல்லாம் தாயம்மா என்னும் மூத்த திருநங்கையின் கையால்தான் நிர்வாணம், அதாவது உறுப்பை நீக்கும் சடங்கு. மயக்க மருந்து கிடையாது, ரத்தம் ஏற்ற வழி கிடையாது. போன உயிர்கள் பல. அதைத் திரும்ப அழைக்க யாரும் நினைக்கக் கூடாது. பிறகு ஆந்திரப் பக்கத்துச் சிறு ஆஸ்பத்திரிகள் வந்தன. கடப்பாவுக்கு ரயிலேறிப் போய் ஆபரேஷன் செய்துகொண்டதை லிவிங் ஸ்மைல் வித்யா தன் 'நான், வித்யா' நூலில் எழுதியிருக்கிறார். நீங்கள் படிக்க வேண்டிய புத்தகம் அது. ஆனால் தாயம்மாவோ ஆஸ்பத்திரியோ, எங்கே செய்தாலும் ஒன்று மாறாமல் இருந்தது. திரும்பி வந்தவளுக்கு நாற்பது நாள்.

அந்த நாற்பது நாளும் அவள் வேலைக்குப் போகக் கூடாது, கடை கேட்க, அதாவது கடைகளில் காசு கேட்கப் போகக் கூடாது, கண்ணாடி பார்க்கக் கூடாது. கூடவே இருக்க ஒருத்தியை குரு அமர்த்துவார். வெந்நீர் வைப்பது, புண்ணைக் கழுவுவது, சிறுநீர் சரியாகப் போகிறதா என்று பார்ப்பது, பத்தியச் சோறு கொடுப்பது, ராத்திரியில் பயந்து விழித்தால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எல்லாம் அவள் பொறுப்பு. நாற்பதாம் நாள் மஞ்சள் பூசி, மருதாணி இட்டு, புதுப் புடவை கட்டி, பால்குடம் சுமக்க வைத்து, விடியுமுன் நீர்க்கரைக்குப் போய் எங்கள் தெய்வமான மாதாவுக்குப் பால் ஊற்றுவோம். திரும்பி வரும்போது மூத்தவர்கள் காலில் விழுந்து "பாம்படுத்தி" என்பாள். "ஜியோ" என்று வாழ்த்துவார்கள். அன்று அவள் ஒரு குடும்பத்தின் மகள் என்று எல்லோர் முன்னாலும் ஆகிவிடுகிறது.

மருத்துவ நூல்கள் ஆபரேஷனுக்குப் பின்னான நலம் என்று எதைச் சொல்கின்றனவோ, அதில் பாதி இந்த நாற்பது நாளில் இருக்கிறது என்பது என் எண்ணம். ஆறுவதற்கு நேரம், பார்த்துக்கொள்ள ஆள், முடிவில் ஊரறிய ஒரு மரியாதை. இன்று நல்ல சர்ஜன் கிடைக்கிறார், சுத்தமான தியேட்டர் கிடைக்கிறது, சில நாளில் டிஸ்சார்ஜ் சீட்டும் கிடைக்கிறது. சீட்டோடு ஜமாத்துக்குப் போகிறவளுக்கு நாற்பது நாள் இன்னும் உண்டு. ஜமாத் வேண்டாம், அம்மா வீட்டிலேயே இருக்கிறேன் என்று சோரியாங்குப்பத்துக்கோ குருவிநத்தத்துக்கோ வருகிறவளுக்கு எதுவும் இல்லை. அம்மாவுக்குப் பாசம் இருந்தாலும் என்ன செய்வதென்று தெரியாது. யாரிடம் கேட்பது என்றும் தெரியாது. பக்கத்து வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்று கதவைச் சாத்திக்கொண்டு இருப்பார்கள்.

நாற்பதாம் நாளுக்குப் பிறகு என்பதில்தான் ஜமாத்தும் கைவிரிக்கிறது. இதைச் சொல்ல எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஆனால் உண்மை. ஆபரேஷனுக்கு வாங்கிய கடன் நிற்கும். வட்டி ஓடும். புண் முழுதாக ஆறுமுன்பே கடை கேட்கவோ பாலியல் தொழிலுக்கோ போனவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் காய்ச்சலும் சீழும் வந்தால் மெடிக்கல் ஷாப்பில் ஒரு ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்கிவிட்டு மறுபடி போவார்கள்.

நீங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டிய உடம்பு விஷயங்களைச் சொல்கிறேன். சிறுநீர் போகும் துளை மாதக்கணக்கிலோ வருடக்கணக்கிலோ கழித்துச் சுருங்கலாம். தாரை மெலிந்துபோகும், முக்கிப் போக வேண்டியிருக்கும், அடிக்கடி சிறுநீர்த் தொற்று வரும். இதை வெளியே சொல்ல வெட்கப்பட்டுத் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறவர்கள் எங்களில் உண்டு. நம் ஊர் வெயிலில் அதன் விளைவு உங்களுக்குத் தெரியும். சிறுநீர் அடியோடு நின்றுபோனால் அது அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அவசரம். யோனி அமைத்துக்கொண்டவர்கள் பாதை சுருங்காமல் இருக்க டைலேட்டர் வைத்துப் பழக வேண்டும். முதல் மாதங்களில் தினமும் சில தடவை, பிறகு இடைவெளி விட்டு, ஆனால் பல வருடம். அதற்குக் கதவுள்ள அறையும் அரை மணி நேரத் தனிமையும் வேண்டும். ஒற்றை அறை வீட்டில் அண்ணன் குடும்பத்தோடு இருப்பவளுக்கு எங்கே கிடைக்கும்? விட்டுவிடுவாள். பாதை சுருங்கிவிடும். பிறகு ஆபரேஷன் சரியில்லை என்று சொல்வாள். அங்கே சர்ஜனைவிட வீட்டின் கதவுதான் முடிவு செய்திருக்கிறது.

எங்களுக்கே சரியாகச் சொல்லப்படாத இன்னொன்று எலும்பு. விரைகளை எடுத்த பிறகு உடம்பில் பாலின ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பதில்லை. வெளியிலிருந்து ஈஸ்ட்ரோஜன் எடுக்காமல் வருடக்கணக்கில் இருந்தால், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஆவது போல எலும்பு தேயும், உடம்பில் சூடு பரவும், தூக்கம் கெடும். ஆபரேஷன்தான் ஆகிவிட்டதே, இனி மாத்திரை எதற்கு என்று நிறுத்தியவர்கள் எங்களில் எத்தனையோ பேர். இன்னும் சிலர் டாக்டரைப் பார்க்காமலே கருத்தடை மாத்திரையை இரண்டு மூன்று என்று விழுங்குகிறார்கள். அதிலிருக்கும் செயற்கை ஈஸ்ட்ரோஜனால் ரத்தம் உறையும் ஆபத்து அதிகம். புகை பிடிப்பவருக்கு இன்னும் அதிகம். ஒரு கால் மட்டும் வீங்கி வலிக்கிறது, திடீரென்று மூச்சு வாங்குகிறது என்று எங்களில் ஒருத்தி சொன்னால் வாயுப்பிடிப்பு என்று விட்டுவிடாதீர்கள். வயதான திருநங்கைக்கு புராஸ்டேட் சுரப்பி உள்ளேயே இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். ஆபரேஷனில் அதை எடுப்பதில்லை.

திருநம்பிகளைப் பற்றி ஊரில் பேச்சே இல்லை. மார்பை இறுகக் கட்டிக்கொண்டு வெயிலில் வேலைக்குப் போகும் பையன்கள் அவர்கள். மார்பு ஆபரேஷன் ஆன பிறகு முதல்தடவையாகச் சட்டையில்லாமல் காற்று வாங்கியதை ஒரு தம்பி என்னிடம் சொன்னான். அந்த முகத்தைப் பார்த்திருந்தால் எந்தக் கேள்வித்தாளும் உங்களுக்குத் தேவைப்பட்டிருக்காது. ஆனால் கருப்பை வாயை எடுக்காதவருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை வேண்டும். மீசை வைத்த ஒருவர் பெண்கள் வரிசையில் வந்து அதைக் கேட்பாரா? நீங்கள் கூப்பிட்டால் ஒழிய வரமாட்டார்.

அனன்யா குமாரி அலெக்ஸின் பெயர் உங்களுக்கு நினைவிருக்கலாம். கேரளத்தின் முதல் திருநங்கை ரேடியோ ஜாக்கி. 2021 ஜூலை 20 அன்று கொச்சியில் இறந்துகிடந்தார். முந்தைய ஆண்டு ஒரு தனியார் மருத்துவமனையில் செய்துகொண்ட ஆபரேஷனில் தவறு நேர்ந்துவிட்டது, நீண்ட நேரம் நிற்கக்கூட முடியவில்லை என்று இறப்பதற்கு முன் ஊடகங்களிடம் சொல்லியிருந்தார். மருத்துவமனை அதை மறுத்தது. கேரள அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது. யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. என்னை உறுத்துவது அந்த ஒரு வருடம்தான். தன் வலியைப் பத்திரிகையாளர்களிடம் சொல்லித்தான் கேட்கவைக்க வேண்டும் என்ற நிலையில் அவர் இருந்தார். அவர் எழுப்பிய புகார் சிகிச்சையின் தரத்தைப் பற்றியது; பெண்ணாக வாழ்ந்ததைப் பற்றியது அல்ல. ஆனால் அவர் பெயரைச் சொல்லி, பார்த்தாயா, இதற்குத்தான் வேண்டாம் என்றோம் என்று எத்தனை வீடுகளில் பேசினார்கள்.

சட்டம் இதையெல்லாம் யோசிக்காமல் இல்லை. 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் நால்சா வழக்கில் எங்கள் அடையாளத்தை ஏற்றது. அடையாளத்துக்காக ஆபரேஷனைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றும் சொன்னது. 2019ஆம் ஆண்டுத் திருநர் பாதுகாப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் ஆலோசனை, ஹார்மோன் சிகிச்சை, காப்பீடு ஆகியவற்றை அரசின் பொறுப்பாக்கியது. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு தரும் ஆயுஷ்மான் பாரத் டி.ஜி. பிளஸ் திட்டத்துக்கு 2022 ஆகஸ்ட் 24 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. அக்கரையில் தமிழ்நாடு 2008லேயே நலவாரியம் அமைத்து, அரசு மருத்துவமனைகளில் இலவச ஆபரேஷனையும் கொண்டுவந்தது; சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையிலும் திருநருக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. நம் ஊரிலிருந்து பெண்ணையாற்றைத் தாண்டினால் கடலூர். ஆனால் எங்கள் ரேஷன் கார்டு புதுச்சேரி கார்டு, வாரிய அட்டை தமிழ்நாட்டு முகவரிக்கு. இந்தச் சிக்கலால் எங்களில் பலர் ஆபரேஷனை ஓர் இடத்திலும் வாழ்க்கையை வேறோர் இடத்திலுமாக வைத்திருக்கிறோம். செய்த டாக்டர் ரயில் தூரத்தில் இருக்கிறார். பக்கத்தில் இருப்பது நீங்கள்தான்.

அரசு மருத்துவம் எங்களைத் தேடி வந்ததே இல்லை என்று சொன்னால் அது பொய். எச்.ஐ.வி. பரிசோதனைக்குத் தேடி வருகிறார்கள். புதுச்சேரியில் சகோதரன் அமைப்பு பல ஆண்டுகளாக அந்த வேலையைச் செய்கிறது. அதனால் பிழைத்தவர்கள் உண்டு. ஆனால் எங்களை நோய் பரப்பாமல் பார்த்துக்கொள்ள வேண்டியவர்களாகப் பார்ப்பது வேறு, எங்களுக்கும் முட்டி வலிக்கும் என்று பார்ப்பது வேறு. கையில் ரத்தம் எடுத்துக்கொண்டு போனவர்கள் உண்டு. ராத்திரி தூங்கினாயா என்று கேட்டவர்கள் அரிது.

உங்களிடம் நான் எதிர்பார்ப்பது பெரிய படிப்பு எதுவும் இல்லை. ஆபரேஷன் முடிந்து யாராவது வந்திருக்கிறார்கள் என்று காதில் விழுந்தால், பிரசவ வீட்டுக்குப் போவது போல ஒரு தடவை போய் எட்டிப்பாருங்கள். சொல்கிற பெயரை எழுதிக்கொள்ளுங்கள். சிறுநீர் நன்றாகப் போகிறதா, காய்ச்சல் உண்டா, ஹார்மோன் யார் எழுதிக்கொடுக்கிறார், தூங்க முடிகிறதா என்று கேளுங்கள். அவள் அம்மாவிடமும் இரண்டு வார்த்தை பேசுங்கள். நீங்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனதைத் தெரு பார்த்தாலே பாதிப் பேச்சு அடங்கிவிடும். ஊசி போட்டுக்கொள்ள வந்தவளைப் புண்ணே இல்லாத இடத்தைக் காட்டச் சொல்லாதீர்கள். அது எனக்கு நடந்திருக்கிறது. அதற்குப் பிறகு காய்ச்சலுக்குக்கூட அந்த ஆஸ்பத்திரிப் படியை நான் வெகுகாலம் மிதிக்கவில்லை. மனம் மிகவும் சோர்ந்திருப்பவர்களுக்கு 14416 என்ற டெலி மானஸ் எண்ணைக் கொடுங்கள். கொடுத்துவிட்டு நாலு நாள் கழித்து மறுபடி கேளுங்கள். அடுத்த வெள்ளத்துக்கு முகாம் பட்டியல் தயாரிக்கும்போது, இன்சுலின் தேவைப்படுகிறவர்கள் பெயருக்குக் கீழே, ஹார்மோன் தேவைப்படுகிறவர்கள் பெயரும், கதவுள்ள குளியலறை தேவைப்படுகிறவர்கள் பெயரும் இருக்கட்டும்.

பாகூர் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ நீங்கள் கூடும் வேறு இடத்திலோ நடக்கும் மாதக் கூட்டத்தில் எங்களுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நானும் ஜமாத்தில் மூத்த அம்மா ஒருவரும் ஒரு திருநம்பித் தம்பியும் வருகிறோம். கேட்கக் கூச்சமான கேள்விகளையெல்லாம் அன்று எங்களிடமே கேட்டுவிடலாம். டைலேட்டர் எப்படி இருக்கும் என்று பார்த்திராதவர்களுக்குக் காட்ட ஒன்று கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
சோரியாங்குப்பத்திலிருந்து உங்கள் சகோதரி